செசிலியாவின் பளிங்குச் சிலை: கண்டதும் கேட்டதும்

உரோமாபுரியில் தைபர் ஆற்றின் மேலைக்கரைப் பகுதிக்குத் திராஸ்தேவெரே என்று பெயர். தைபருக்கு அப்பாலுள்ளது என்பது அப்பெயரின் பொருளாகும். பண்டைக் காலத்தில் கைவினைஞரும் அயல்நாட்டினரும் மிகுதியாகக் குடியிருந்த அப்பகுதியில், புனித செசிலியாவின் பெயரால் ஒரு திருக்கோயில் இருக்கின்றது. அதன் தலைமைப் பலிபீடத்தின் கீழ், கரும்பளிங்கால் அமைந்த ஒரு மாடத்தில், வெண்பளிங்கில் செதுக்கிய பெண்ணுருவம் ஒன்று கிடத்தப்பெற்றுள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 130 சென்டிமீட்டர். வளர்ந்த பெண்ணின் உயரத்தினும் அது சற்றுக் குறைவே. கி.பி. 1600-ஆம் ஆண்டில் ஸ்தேபானோ மதெர்னோ என்னும் இளஞ்சிற்பி அதனைச் செதுக்கினார்.

அச்சிலையை முதன்முறை காண்போர் வியப்பது, அதில் முகம் தெரியாமையையே. பெண் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறாள். முழங்கால்கள் சிறிதே மடங்கியுள்ளன. கைகள் இரண்டும் முன்னே நீண்டு தரையில் தளர்ந்து கிடக்கின்றன. உடல் காண்போரை நோக்கியிருக்க, தலைமட்டும் மறுபுறம் திரும்பி, முகம் நிலத்தோடு மறைந்துவிடுகிறது. தலையைச் சுற்றி ஒரு துணி. அத்துணிக்குக் கீழே வெறுமையாகத் தெரியும் கழுத்தில், வாள் பட்ட மெல்லிய கோடு. வலக்கையில் மூன்று விரல்கள் நீண்டுள்ளன. இடக்கையில் ஒரு விரல். மூவொரு கடவுளை இறக்கும்போதும் அவள் அறிக்கையிட்டாள் என்று அடியார்கள் அதற்குப் பொருள் கூறுவர்.

கிறித்தவ உலகில் புனிதர் சிலைகள் எண்ணிறந்தன. அவற்றுள் பெரும்பாலானவை நின்றிருக்கும். கையில் சாவியோ வாளோ சக்கரமோ ஓர் அடையாளம் ஏந்தியிருக்கும். முகம் காண்போரை நோக்கும். இச்சிலையோ அம்மரபுகள் அனைத்தையும் விடுத்து நிற்பது. அதற்குக் காரணம் இதன் சிற்பி தம் கற்பனையைச் செதுக்கியதாகக் கூறவில்லை. தாம் கண்ணால் கண்டதைச் செதுக்கியதாகக் கூறினார் என்பதே. சிலையின் முன்னுள்ள இலத்தீன் கல்வெட்டு அவர் வாக்காகவே பேசுகிறது. கல்லறையில் கெடாது கிடந்த புனிதையைத் தாமே நேரில் கண்டதாகவும், அதே உடல் நிலையிலேயே அவளை இப்பளிங்கில் வடித்ததாகவும் அது சொல்கிறது.

ஆகவே, இது கலைப்பொருள் மட்டுமன்று. சாட்சி சொல்ல வந்த கல்லுமாகும். சாட்சி என்று வந்த எதனையும் வினவாமல் விடுவது வரலாற்று மாணவர்க்கு முறையன்று. இக்கல் எதற்குச் சாட்சி, எந்த அளவுக்குச் சாட்சி என்று ஆராய்தல் வேண்டும்.

செசிலியாவின் கதை

செசிலியாவின் வரலாறாக இன்று வழங்குவது கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஓர் இலத்தீன் நூலிலிருந்து வந்தது. அதன்படி அவள் உரோமாபுரியின் உயர்குடியிற் பிறந்தவள். தன்னை இறைவனுக்கே உரியவளாக்கிக் கொண்டவள். பெற்றோர் அவளை வலேரியான் என்பவனுக்கு மணம் செய்வித்தனர். மணநாளில் இசைக்கருவிகள் முழங்க, அவள் தன் உள்ளத்துக்குள் இறைவனை மட்டுமே பாடிக்கொண்டிருந்தாளாம். கணவனும் அவன் தம்பி திபூர்சியுவும் அவளால் கிறித்தவராகி, அதன் பொருட்டே கொல்லப்பட்டனர்.

பின்னர் அவளையும் பிடித்தனர். அவள் வீட்டு வெந்நீர் அறையிலேயே அவளை அடைத்து ஆவியால் மாய்க்க முயன்றனர். அவள் சாகவில்லை. கொலைஞன் வாளால் மும்முறை வெட்டியும் தலை துண்டாகவில்லை. நான்காம் முறை வெட்டுதலைச் சட்டம் தடுத்தமையால் அவன் அவளை அவ்வாறே விட்டுச் சென்றான். மூன்று நாள் உயிரோடிருந்து, தன் வீட்டைத் திருக்கோயிலாக்கும்படி வேண்டி, அவள் இறந்தாள். இதுவே கதை.

இக்கதையை வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. அவள் இறப்பைக் கி.பி. 230-ஆம் ஆண்டையொட்டி வைத்துரைப்பது மரபு. அப்போது ஆண்ட அலெக்சாந்தர் செவேருஸ் கிறித்தவரைத் துன்புறுத்திய பேரரசன் அல்லன். அவளுக்குத் தீர்ப்பளித்ததாகக் கூறப்படும் அல்மாக்கியுஸ் என்னும் நகரத் தலைவன் பெயர், அறியப்பட்ட நகரத் தலைவர் வரிசையில் இல்லை. கி.பி. 354-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உரோமாபுரித் திருச்சபை விழாக்கொண்டாடிய மறைச்சாட்சியர் பட்டியல் ஒன்று உள்ளது. அதிலும் செசிலியாவின் பெயர் காணப்படவில்லை.

எனினும் அனைத்தும் புனைவென்று தள்ளிவிடுதலும் இயலாது. வலேரியானும் திபூர்சியுவும் உண்மையில் வாழ்ந்து இறந்த மறைச்சாட்சியர் என்பதை ஆய்வாளர் ஏற்கின்றனர். கி.பி. 499-இல் உரோமாபுரியில் கூடிய ஒரு சங்கத்தின் ஆவணத்தில் செசிலியாவின் பெயர் தாங்கிய கோயிலின் குருக்கள் கையொப்பமிட்டிருக்கின்றனர். செசிலியா என்னும் பெயருடைய செல்வப் பெண்ணொருத்தி தன் வீட்டைக் கோயிலுக்குக் கொடுத்தாள் என்பதும், கொடுத்தவளைப் பற்றியே பிற்காலத்தார் இக்கதையை வளர்த்தனர் என்பதும் சிலர் கருத்து. கி.பி. 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் விழாப் பட்டியலைத் திருத்தியபோது, கதையின் வரலாற்று இடர்ப்பாட்டை ஒப்புக்கொண்டே, மக்களின் பற்றுக் கருதி நவம்பர் 22-ஆம் நாள் விழாவை நிலைநிறுத்திற்று.

பாஸ்காலின் தேடல்

கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமாபுரிக்கு வெளியே இருந்த சுரங்கக் கல்லறைகள் பாழடைந்து கிடந்தன. கொள்ளைக்காரரிடமிருந்து காக்கும் பொருட்டு, மறைச்சாட்சியரின் எச்சங்களை நகருக்குள் கொணர்ந்து கோயில்களில் வைக்கும் வழக்கம் அக்காலத்தில் பெருகிற்று. கி.பி. 817 முதல் 824 வரை திருச்சபையை ஆண்ட முதலாம் பாஸ்கால் என்னும் போப்பாண்டவர் இப்பணியில் முன்னின்றவர்.

செசிலியாவின் கோயிலைப் புதுப்பித்த அவர், அவள் உடலைத் தேடிக் காணாது சோர்ந்திருந்தாராம். ஒரு விடியற்காலை வழிபாட்டின்போது அவர் கண்ணயர, செசிலியா தோன்றித் தேடலைக் கைவிட வேண்டாமென்று கூறினாளென்று போப்பாண்டவர் வரலாற்றேடு எழுதுகிறது. கனவை ஒருபுறம் வைத்துவிடுவோம். அவ்வேடு தரும் மற்றொரு செய்தி முதன்மையானது: உடல் பொன்னிழை ஆடை பூண்டிருந்தது, குருதி தோய்ந்த துணிகளும் உடனிருந்தன. அவ்வுடலை 821-ஆம் ஆண்டளவில் அவர் இக்கோயிலின் பலிபீடத்தின் கீழ் வைத்தார். கோயிலின் உட்சுவரிலுள்ள வண்ணக்கல் ஓவியத்தில், கோயிலின் சிற்றுருவைக் கையில் ஏந்தியவராகப் பாஸ்கால் இன்றும் காட்சியளிக்கிறார். அவர் தலைக்குப் பின்னே ஒளிவட்டம் இல்லை; ஒளிச்சதுரம் உண்டு. ஓவியம் தீட்டப்பட்டபோது அவர் உயிரோடிருந்தார் என்பதற்கு அது குறியாகும்.

1599-ஆம் ஆண்டு அகழ்வு

அதன்பின் ஏறத்தாழ 778 ஆண்டுகள் சென்றன. 1590-91-இல் போப்பாண்டவராயிருந்த பதினான்காம் கிரகோரியின் உடன்பிறந்தார் மகனான கர்தினால் பாவுலோ எமிலியோ ஸ்பொந்திராத்தி இக்கோயிலின் பொறுப்பைப் பெற்றிருந்தார். 1600-ஆம் ஆண்டு திருச்சபையின் யூபிலி ஆண்டு. திருப்பயணிகள் இலட்சக்கணக்கில் வருவர். அதனை முன்னிட்டுக் கோயிலைப் புதுப்பிக்கத் தொடங்கிய கர்தினால், பலிபீடத்தின் அடியிலும் தோண்டச் செய்தார்.

1599-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் பளிங்குப் பெட்டிகள் வெளிப்பட்டன. ஒன்றைத் திறந்தபோது, அதனுள் சைப்பிரசு மரப் பேழை இருந்தது. பேழையினுள், பட்டுத்திரை போர்த்தப்பட்ட ஒரு சிற்றுடல் வலப்பக்கமாகச் சாய்ந்து உறங்குவது போல் கிடந்தது. திரையின் ஊடே பொன்னிழை ஆடை மின்னிற்று. குருதி தோய்ந்த துணிச்சுருளும் அங்கிருந்தது.

அப்போது போப்பாண்டவர் எட்டாம் கிளெமெந்து, கீல்வாதத்தால் நகருக்கு வெளியே பிரஸ்காத்தியில் தங்கியிருந்தார். செய்தி கேட்டதும், நேரில் கண்டு வரும்படி கர்தினால் பரோனியுசை அனுப்பினார். பரோனியுஸ் அக்காலத் திருச்சபை வரலாற்றாசிரியருள் தலைசிறந்தவர். பன்னிரண்டு பெருந்தொகுதிகளாகத் திருச்சபை ஆண்டுவரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவர். அவர் தாம் கண்டதை அந்நூலிலேயே பதிந்துவைத்தார். சுரங்கக் கல்லறைகளை நுழைந்து நுழைந்து ஆராய்ந்த அந்தோனியோ பொசியோ என்பவரும் இக்கண்டுபிடிப்பைப் பற்றித் தனி நூல் ஒன்றை 1600-இல் வெளியிட்டார்.

ஒரு திங்களுக்கு மேல் உரோமாபுரி மக்கள் திரண்டு வந்து வணங்கிச் சென்றனர். நவம்பர் 22-ஆம் நாள், செசிலியாவின் விழாவன்று, போப்பாண்டவரே வழிபாடு நடத்தி, பேழையை ஒரு வெள்ளிப் பெட்டிக்குள் வைத்து மீண்டும் நிலத்தடியில் அடக்கம் செய்வித்தார். உடல் மறைந்தது. மறைந்ததன் இடத்தை நிரப்ப, கர்தினாலின் விருப்பப்படி சிலை எழுந்தது.

சிற்பியும் சிலையும்

மதெர்னோ அப்போது இருபதுகளின் நடுவிலிருந்த இளைஞர். பழைய உரோமச் சிலைகளின் உடைந்த உறுப்புகளைச் சீர்செய்து பொருத்துதலில் பயிற்சி பெற்றவர். பழஞ்சிலைகளைப் பார்த்துச் சிறு சுடுமண் உருவங்கள் செய்வதிலும் வல்லவர். உடைந்த சிலையைச் சீர்செய்வோர்க்கு ஒரு கட்டுப்பாடு தேவை. தம் விருப்பத்தை ஒதுக்கி, முன்னவர் செய்ததற்கு இசையவே அவர் உளி செல்ல வேண்டும். அவ்வடக்கம் இச்சிலையில் நன்கு தெரிகிறது. ஆடை மடிப்புகள் பல. ஆனால் ஒன்றும் துள்ளி எழவில்லை. உடலின் தளர்ச்சிக்குத் தக்கவாறு அவை படிந்து கிடக்கின்றன. துன்பத்தைக் காட்டும் முகம் இல்லை, கதறல் இல்லை, வானதூதர் இல்லை.

இசையின் காவற்புனிதை என்று செசிலியாவைக் கொண்டாடும் மரபு அக்காலத்தில் நன்கு வேரூன்றியிருந்தது. உள்ளத்துக்குள் பாடினாள் என்னும் கதைத் தொடரில், உள்ளத்துக்குள் என்பது வழிபாட்டுப் பாடல்களில் விடுபட்டுப்போக, அவளே இசைக்கருவியை மீட்டினாள் என்னும் எண்ணம் பரவியது. இராபேல் 1514-ஐ ஒட்டித் தீட்டத் தொடங்கிய புகழ்பெற்ற ஓவியத்தில் அவள் கையில் சிறு ஆர்கன் உள்ளது. காலடியில் இசைக்கருவிகள் சிதறிக் கிடக்கின்றன. உரோமாபுரியின் இசைக்கலைஞர் சங்கத்திற்குப் போப்பாண்டவர் 1585-இல் ஒப்புதல் அளித்தபோது அவள் பெயரும் அதற்குக் காவலாயிற்று. இத்தனை இருந்தும், மதெர்னோவின் சிலையில் ஓர் இசைக்கருவியும் இல்லை. கல்லறையில் காணாததை அவர் வைக்கவில்லை.

இதற்குக் காலச்சூழலும் துணைசெய்தது. லூத்தர் 1517-இல் தொடங்கிய கிளர்ச்சிக்குப்பின், புனிதர் வணக்கமும் எச்சங்களைப் போற்றுதலும் கடுமையாகத் தாக்கப்பட்டன. திரெந்து நகரச் சங்கம் 1563-இல் தன் இறுதிக் கூட்டத்தில் திருவுருவ வணக்கத்தை உறுதிசெய்தது; அதே வேளையில், மக்களைத் தவறான கருத்தில் ஆழ்த்தும் உருவங்கள் கூடாதென்றும் விதித்தது. 1578-இல் சலாரியச் சாலை அருகே தற்செயலாக ஒரு சுரங்கக் கல்லறை வெளிப்பட்டதும், தொடக்ககாலத் திருச்சபையின் தடயங்களைத் தேடும் ஆர்வம் மிகுந்தது. எதிர்ப்போர்க்கு விடைகூற, உண்மை என்று காட்டத்தக்க சான்று வேண்டியிருந்தது. அந்தத் தேவையின் நடுவிலேதான் இச்சிலை பிறந்தது.

சான்றின் எல்லை

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். கல் சொல்லும் சாட்சியை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்த்தல் நலம்.

முதற்படி, 1600-இலிருந்து 1599-க்குச் செல்வது. உடல் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது என்பதைப் பரோனியுசும் பொசியோவும் எழுத்தில் வைத்துள்ளனர். சிலை அதனோடு ஒத்துச் செல்கிறது. இவ்வளவில் கல்லின் சாட்சி வலிவுடையது. ஆனால் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பயபக்தியின் காரணமாக, உடலைப் போர்த்திருந்த திரையை எவரும் விலக்கவில்லை. உருவின் கிடையைத் திரையின் மேலிருந்தே உணரலாம். வெறுங்கழுத்தையும், அதிலுள்ள வெட்டுக் கோட்டையும், விரல்களின் எண்ணிக்கையையும், இளமை மாறாத தோலின் மென்மையையும் அவ்வாறு காணுதல் ஒண்ணாது. ஆகவே, கிடந்த நிலை கண்டது. கழுத்தின் வெட்டு ஏட்டில் கேட்டது. கல்வெட்டு இரண்டையும் ஒன்றாக்கிக் கண்டேன் என்று கூறுகிறது. உடல் முற்றும் கெடாதிருந்தது என்னும் கூற்றும் இத்திரைக்கு அப்பாற்பட்டதே.

இரண்டாம் படி, 1599-இலிருந்து 821-க்குச் செல்வது. பொன்னிழை ஆடையும் குருதித் துணிகளும் பாஸ்கால் காலத்து ஏட்டில் கூறப்பட்டவை. 1599-இல் அவையே வெளிப்பட்டன. ஏடும் அகழ்வும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஸ்பொந்திராத்தி கண்டது பாஸ்கால் வைத்ததையே என்று கொள்வதில் பெரும் தடையில்லை.

மூன்றாம் படி, 821-இலிருந்து கி.பி. 3-ஆம் நூற்றாண்டுக்குச் செல்வது. இங்கே ஏறத்தாழ ஆறு நூற்றாண்டு இடைவெளி. அதனை நிரப்புவது முற்கூறிய கதைநூல் ஒன்றே. பாஸ்கால் எடுத்து வந்த உடல் செசிலியாவுடையதுதான் என்பதற்கு, அவர் காலத்து நம்பிக்கையை விட உறுதியான சான்று இல்லை. 1854-இல் தெ ரொஸ்ஸி என்னும் அறிஞர் கலிஸ்து சுரங்கக் கல்லறையில் போப்பாண்டவர்கள் அடக்கம் செய்யப்பட்ட அறையையும், அதனை அடுத்துச் செசிலியாவுக்கு உரியதாகப் போற்றப்பட்ட அறையையும் கண்டறிந்தார். அவள் வணக்கம் அங்கு வேரூன்றியிருந்ததை அது காட்டிற்று. எனினும் அவள் இறந்த ஆண்டையோ முறையையோ காட்டவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோயிலின் அடியில் நடந்த அகழ்வில் பண்டை உரோம வீடுகளின் சுவர்கள் வெளிப்பட்டன. கோயில் ஒரு குடியிருப்பின் மேல் எழுந்தது என்பது அதனால் தெளிவாயிற்று. அவ்வீடு யாருடையது என்பதைச் சுவர்கள் கூறவில்லை.

முதற்படியின் வலிமை மூன்றாம் படிக்குச் செல்லாது. ஆனால் சிலையின் முன் நிற்பவர் உள்ளத்தில் மூன்று படிகளும் ஒரே கணத்தில் தாண்டப்பட்டுவிடுகின்றன. அவர் 1599-ஆம் ஆண்டின் பேழையைக் காண்பதாக எண்ணுவதில்லை; 3-ஆம் நூற்றாண்டின் பெண்ணையே காண்பதாக எண்ணுகிறார். மதெர்னோவின் உளி செய்த பெருஞ்செயல் இதுவே. அவர் பொய்யுரைத்தார் என்று சொல்லுதல் நேர்மையன்று. கண்டதையும் நம்பியதையும் பிரித்தறியும் வழக்கம் அவருக்கும் அவர் காலத்தார்க்கும் இன்றுள்ளது போல் கூர்மையடைந்திருக்கவில்லை.

பின்வந்தோர்

இச்சிலையின் செல்வாக்குப் பெரிது. பலிபீடத்தின் கீழ் கிடக்கும் புனிதர் என்னும் அமைப்பு உரோமாபுரியில் ஒரு மரபாகவே வளர்ந்தது. 1635-இல் மெங்கினி செதுக்கிய புனித மார்த்தினாவும், 1670-களில் ஜியோர்ஜெத்தி செதுக்கிய புனித செபஸ்தியாரும் அவ்வழி வந்தவை. பெர்னீனி தம் முதுமையில், 1671 முதல் 1674 வரை, முத்திப்பேறு பெற்ற லுதோவிக்கா அல்பெர்த்தோனியின் சிலையைச் செய்தார். அதுவும் திராஸ்தேவெரேயிலேயே மற்றொரு கோயிலில் உள்ளது. அங்கே தலை பின்னோக்கிச் சாய்ந்து, வாய் திறந்து, கை மார்பை அழுத்த, ஆடை அலையலையாகப் புரள்கிறது. பரோக்குக் கலையின் முழுவேகத்தை அதில் காணலாம். அக்கலை தொடங்கும் காலத்தின் அமைதியை மதெர்னோவிடம் காணலாம். இரண்டையும் ஒரே நாளில் நடந்தே சென்று பார்த்துவிடலாம்.

மதெர்னோவின் பிற்கால வாழ்வு வேறு வழியிற் சென்றது. சுங்கத்துறையில் ஒரு பதவி கிடைத்தபின் அவர் சிற்பத் தொழிலைப் பெரும்பாலும் கைவிட்டார் என்று அவர் காலத்து எழுத்தாளர் பாகிலியோனே குறித்துள்ளார். 1636-இல் அவர் இறந்தார். பின்னர் அவர் செய்தவற்றுள் ஒன்றேனும் இதன் புகழை எட்டவில்லை. செசிலியாவின் முதற்கல்லறை என்று போற்றப்படும் கலிஸ்து சுரங்கத்திலும் இன்று இச்சிலையின் படி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அங்குச் செல்லும் பயணி, உடல் இல்லாத இடத்தில் உடலுக்கு ஈடாகக் கல்லைக் காண்கிறார்.

ஆசிரியர் கருதத்தக்கது

வரலாறு கற்பிப்போர்க்கு இச்சிலை ஒரு நல்ல பாடப்பொருள். மாணவர்க்கு இதன் படத்தைக் காட்டி, இதில் சிற்பி கண்டது எது, கேட்டது எது என்று வினவலாம். சாய்ந்த கிடை ஒருபுறம், கழுத்தின் வெட்டு மறுபுறம் என அவர்களே பகுத்துக் கூறத் தொடங்குவர். திரை விலக்கப்படவில்லை என்னும் ஒரு செய்தியை இறுதியில் சொன்னால் போதும். அவர்கள் விடை முழுவதும் மாறும். ஒரு சிறு செய்தி, பெரிய முடிவை எவ்வாறு திருத்துகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

அவ்வாறு வினவுதல் அடியாரின் பற்றைப் பழித்தலாகாது. நம்புவோர் நம்பிக்கைக்குக் கல்லின் சாட்சி தேவையில்லை. 1969-இல் திருச்சபையே அவ்வழி நின்றது. வரலாற்றுக்கோ சாட்சி தேவை. அச்சாட்சி எவ்வளவு தொலைவு செல்லும் என்னும் அளவும் தேவை. செசிலியா எவ்வாறு இறந்தாள் என்பதற்கு இச்சிலை வலிய சான்றன்று. ஆனால் 1599-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், ஒரு பேழையின் முன்னே உரோமாபுரி மக்கள் எதை உணர்ந்து நின்றனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை.